ரெண்டே செகண்ட்ல 100 டிகிரி: லிக்விட் கூலர் போட்டும் ப்ராசசர் கொதிக்குது, யாராச்சும் வழி சொல்லுங்கண்ணே

ரீல்பெட்டி_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். மெஷின் ஐ7 12700கே, 32 ஜிபி ராம், 240 எம்எம் லிக்விட் கூலர், கடைல ரெடிமேடா சீல் பண்ணி வர்ற ஏஐஓ தான், நாமளே குழாய் கோத்து செய்யிற கஸ்டம் லூப் எல்லாம் இல்ல. கூலர் 2020 லாக்டவுன்ல பழைய ஐ5க்கு வாங்குனது, 2022ல ப்ராசசரும் போர்டும் மாத்துனப்ப புது போர்டோட எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான பிராக்கெட் தனியா வாங்கி அதையே மாட்டிட்டேன், இவ்ளோ நாள் ஒரு குறையும் இல்ல. போன வாரத்துலேர்ந்து ரெண்டர் (எடிட் பண்ணத முழு வீடியோவா எடுக்கறது) போட்டா ஃபேன் ரெண்டும் மாவுமில்லு மாதிரி கத்துது, 40 நிமிஷத்துல முடியிற வேலை ஒண்ணே முக்கா மணி நேரம் இழுக்குது, பாத்தா 100 டிகிரி. சும்மா டெஸ்க்டாப்ல நிக்கும்போதே 62, 65. ரூம்ல ஏசி கிடையாது, தெர்மாமீட்டர் 36 காட்டுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு கல்யாணம் டெலிவரி குடுக்கணும், பொண்ணு வீட்டுக்காரங்க தினம் போன் போட்டுட்டு இருக்காங்க. ஓவர்க்ளாக் எல்லாம் கிடையாது. தூசி ப்ளோயர் வச்சு அடிச்சாச்சு. வேற என்ன பாக்கணும்?

சும்மா_வந்தேன்:
மே மாசம், மதுரை, ஏசி இல்லாத ரூம். ப்ராசசர் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு தலைவா, எல்லாரும்தான் கொதிக்கிறோம்

கோவை_ஃப்ரேம்ஸ்:
ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற பேஸ்ட் காஞ்சிருக்குங்க. 2022ல போட்டது இன்னும் இருக்குமா? கழட்டி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு தொடச்சு புதுசா வைங்க, முடிஞ்சது சோலி.

புதுப்பையன்_07:
ப்ரோ இன்டெல் ப்ராசசர் எல்லாம் கெட்டுப் போகுதுன்னு நியூஸ் வந்துச்சே, அதுவா இருக்குமோ? நானும் இன்டெல்தான் வச்சிருக்கேன் பயமா இருக்கு

பழைய_மதர்போர்டு:
புதுப்பையா, அது 13, 14ம் தலைமுறை. வோல்டேஜ் ஏறிப் போய் ப்ராசசர் நாளடைவுல கெட்ட கதை, 2024ல மைக்ரோகோட்ங்கற ப்ராசசர் உள்மென்பொருளுக்கு அப்டேட் விட்டு வாரன்டியும் ரெண்டு வருஷம் கூட்டிக் குடுத்தாங்க. 12700கே 12ம் தலைமுறை, அந்த லிஸ்ட்ல இல்ல. நீயும் 13, 14 வச்சிருந்தா பயாஸ் (போர்டுலயே இருக்குற செட்டிங் மென்பொருள்) அப்டேட் பண்ணிரு.

மதுரைத் தம்பி, நீ டிகிரி மட்டும் சொல்ற. டாக்டர்கிட்ட போய் ஜுரம்னு மட்டும் சொன்னா அவர் என்னத்த எழுதிக் குடுப்பாரு. எத்தனை வாட் இழுக்கும்போது அந்த 100 டிகிரி? எச்டபிள்யூஇன்ஃபோன்னு ரீடிங் காட்டுற சாப்ட்வேர் போட்டு சிபியு பேக்கேஜ் பவர்னு ஒரு வரி இருக்கும் பாரு. 190 வாட் இழுத்து 100 வந்தா அது ஒரு கதை, 80 வாட்ல 100 வந்தா அது முழுக்க வேற கதை. இன்னொண்ணு, சினிபெஞ்ச் ஆர்23ன்னு ப்ராசசர முழுசா வேலை வாங்குற டெஸ்ட் இருக்கு, அத ஓட்டு, ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து 100க்கு வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கடிகாரம் வச்சுப் பாரு. பம்ப் ஆர்பிஎம்மும் சொல்லு. இந்த மூணும் வந்தாதான் பேச முடியும், அதுவரைக்கும் பேஸ்ட்டும் வாங்காத ஒரு மண்ணும் வாங்காத.

கோவை_ஃப்ரேம்ஸ்:
அண்ணா பேஸ்ட் 300 ரூபா, போட்டுப் பாக்குறதுல என்னங்க தப்பு

பழைய_மதர்போர்டு:
தப்பில்ல சாமி. ஆனா ஓடிட்டிருக்குற நிலைமைல ஒரு ரீடிங் எடுக்காம கழட்டுனா, கழட்டுனதுக்கு அப்புறம் எது மாறுச்சுன்னு எதை வச்சு சொல்லுவீங்க?

ரீல்பெட்டி_மதுரை:
அண்ணே எடுத்துட்டேன். சினிபெஞ்ச் ஸ்டார்ட் அமுக்குன உடனே 170 வாட் போச்சு, ஒண்ணு ரெண்டு எண்ணி முடிக்கல 100 டிகிரி வந்துருச்சு, அதுக்கப்புறம் வாட் சரசரன்னு எறங்கி 78, 80லயே நிக்குது, 4.7 கிகாஹெர்ட்ஸ் இருந்தது 2.8க்கு வந்துருச்சு. பம்ப் 2700 ஆர்பிஎம் காட்டுது, ஏஐஓ பம்ப்னு எழுதியிருக்குற பின்லதான் மாட்டியிருக்கேன். அப்ப பம்ப் நல்லா இருக்குல்ல?

பழைய_மதர்போர்டு:
இதத்தான் கேட்டேன். கொஞ்சம் பொறுமையா படி, நீளமா எழுதப் போறேன்.

இந்த சிப்புக்கு இன்டெல் சொல்ற கணக்கு, தொடர்ந்து ஓட 125 வாட், உச்சத்துல 190 வாட். 100 டிகிரிங்கறது அதோட எல்லை, அத தொட்டா தன்னைத்தானே காப்பாத்திக்க வேகத்த குறைச்சுக்கும், அதான் உன் ரெண்டர் இழுக்குது. ஒழுங்கா இருக்குற 240 கூலர் 36 டிகிரி ரூம்லயும் 125 வாட்ட அலுங்காம சமாளிக்கணும். உன்னோடது 80 வாட்லயே கைய விரிக்குது. அதனால மேல ஒரு தம்பி சொன்ன வெயில் ஒரு பங்குதான். யூட்யூப்ல ரிவ்யூ பண்றவங்க 21, 23 டிகிரி ஏசி ரூம்ல அளந்து காட்டுவாங்க, நம்ம ஊருக்கு அதோட 13, 15 கூட்டிக்க. மிஞ்சிப் போனா பதினஞ்சுதான் கூடணும், முப்பது நாப்பது கூடாது.

அடுத்தது நேரம். உலை வச்சா தண்ணி கொதிக்க நேரம் பிடிக்குதுல்ல? இதுலயும் அதேதான். குழாய்க்குள்ள இருக்குற தண்ணி சூடேற பத்து இருபது நிமிஷமாவது ஆகும். ரேடியேட்டர்ல (ஃபேன் மாட்டி தண்ணிய ஆத்துற பகுதி) தூசி, ஃபேன் சுத்தல, கேபினட்டுக்குள்ள காத்து இல்ல, இந்த மாதிரி கோளாறா இருந்தா ஆரம்பத்துல 75, 80 காட்டி அப்புறம் மெதுவா ஏறிட்டே போய்த்தான் 100 தொடும். உனக்கு ரெண்டு செகண்ட்ல வருது. அப்ப சூடு தண்ணிக்கே போய்ச் சேரல. ஃபேன், தூசி, ரேடியேட்டர் எல்லாத்தையும் விட்டுரு, கோளாறு ப்ராசசருக்கும் தண்ணிக்கும் நடுவுல. அங்க ரெண்டே விஷயம்தான் இருக்கு, ஒண்ணு ப்ளாக் (ப்ராசசர் மேல உக்கார்ற பகுதி, பம்பும் அதுலயேதான்) சரியா உக்காரல இல்லாட்டி பேஸ்ட் போச்சு, இன்னொண்ணு தண்ணி ஓடல.

பம்ப் 2700 காட்டுதுன்னா மோட்டார் சுத்துதுன்னு மட்டும்தான் அர்த்தம். மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது ஆனா மாடில டேங்க்ல தண்ணி விழல, பாத்திருக்கியா? போர்ல தண்ணி எறங்குனாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும்.

இப்ப ஒரு வேலை பண்ணு. பத்து நிமிஷம் சினிபெஞ்ச் ஓடட்டும், ரெண்டு ட்யூபையும் கையால தொடு, ரேடியேட்டர தொடு. என்னன்னு சொல்லு.

ரீல்பெட்டி_மதுரை:
தொட்டேன்ணே. ஒரு ட்யூப் ப்ளாக் பக்கத்துல மட்டும் நல்லா சுடுது, ஒரு ஜாண் தள்ளி ஒண்ணுமில்ல. இன்னொரு ட்யூப் சாதாரணமா இருக்கு. ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கு, ஜில்லுன்னா ரூம் சூடுதான். உள்ள 100 டிகிரி காட்டுது ரேடியேட்டர்ல வர்ற காத்துல சட்டையே காய வைக்க முடியாது போல

சும்மா_வந்தேன்:
அப்ப சட்டைய ப்ராசசர் மேல போடு 😂

கோவை_ஃப்ரேம்ஸ்:
ரேடியேட்டர் சூடாகலைன்னா பேஸ்ட் வழியா சூடு போகலன்னும் அர்த்தம் ஆகலாமுங்களே. நான் சொன்னத தூக்கிப் போடாதீங்க. அதுவுமில்லாம 1200 சாக்கெட்டுக்கு வந்த கூலர 1700ல மாட்டியிருக்காருங்க, ஓட்டை தூரம் 75 எம்எம் இருந்தது இதுல 78, உசரமும் கொஞ்சம் கம்மி, ப்ளாக் முழுசா அழுத்தாம நிக்கலாம். அந்த சாக்கெட்டுல ப்ராசசரே நடுவுல லேசா வளையுதுன்னு அத தடுக்க கான்டாக்ட் ஃப்ரேம் எல்லாம் விக்கிறாங்க.

பழைய_மதர்போர்டு:
நியாயம். 80 வாட் மொத்தமும் எங்கயாவது போய்த்தானே ஆகணும், பேஸ்ட் மோசமா இருந்து தண்ணி ஓடிட்டிருந்தா ரேடியேட்டர் கொஞ்சமாச்சும் வெதுவெதுன்னு இருக்கும், ட்யூப் ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கும். இங்க ஒரு ட்யூபோட அடி மட்டும் சுடுதுங்கறான், அதான் எனக்கு உறுத்துது. வளைவு உண்மைதான், ஆனா அதுனால நாலஞ்சு டிகிரி போகும், முப்பது போகாது. இருந்தாலும் இப்ப கழட்டிப் பாக்கலாம், ரீடிங்தான் கைல இருக்கே. தம்பி, கழட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மெஷின ஓட்டி சூடாக்கிக்க, அப்புறம் ஆஃப் பண்ணி லேசா திருகித் திருகி எடு, பச்சக்குனு இழுக்காத. ப்ளாக் அடில பேஸ்ட் எப்பிடி பரவியிருக்குன்னு படம் போடு.

ரீல்பெட்டி_மதுரை:
படம் போட்டிருக்கேன். நடுவுல மெல்லிசா, நாலு பக்கமும் ஒரே மாதிரி பரவியிருக்கு, கொஞ்சம் காஞ்சுதான் இருந்துச்சு. நாலு ஸ்க்ரூவும் டைட்டாதான் இருந்துச்சு. தொடச்சுட்டு புதுப் பேஸ்ட் வச்சு குறுக்கு மறுக்கா டைட் பண்ணிட்டேன். திரும்ப ஓட்டுனா 100 டிகிரி, 84 வாட். மூணு நாலு வாட் கூடியிருக்கு அவ்ளோதான்.

கோவை_ஃப்ரேம்ஸ்:
சரிங்க, நான் தோத்தேன். அண்ணன் சொன்னதுதான்.

வடலி_யாழ்:
எனக்கும் உப்பிடித்தான் நடந்தது தம்பி, ஆனா என்ரைல பம்புக்குப் போற சாட்டா பவர் வயர் கழண்டு கிடந்தது, கேபினட்டைத் தூக்கி வைக்கேக்க இழுபட்டிருக்கு. உங்கட ஆர்பிஎம் காட்டுது எண்டபடியா அது இல்லை. இன்னொரு விசயம், ரேடியேட்டர் எங்க பூட்டியிருக்கிறியள்? மேலயோ முன்னுக்கோ? ட்யூப் மேல் பக்கமா வருதோ கீழ் பக்கமா வருதோ? உள்ளுக்க கொளகொள எண்டு சத்தம் கேக்குதோ எண்டும் ஒருக்கா காது வைச்சுப் பாருங்கோ.

ரீல்பெட்டி_மதுரை:
முன்பக்கம்தான். ட்யூப் மேல் பக்கமா வருது. ஆமாண்ணே, ஆன் பண்ணும்போது கொஞ்ச நேரம் கொளகொளன்னு ஒரு சத்தம் வரும், ஆறு மாசமாவே வருது, நான் அத ஹார்ட்டிஸ்க்னு நெனச்சேன்

பழைய_மதர்போர்டு:
யாழ்ப்பாணத்து நண்பர் சரியான எடத்துல கை வச்சுட்டாரு. இந்த ட்யூப் ரப்பர், சீல் பண்ணதா இருந்தாலும் வருஷக் கணக்குல தண்ணி கொஞ்சங் கொஞ்சமா ஆவியா வெளிய போயிட்டேதான் இருக்கும், அந்த எடத்துல காத்து வந்து நிக்கும். காத்து எப்பவும் உசரமான எடத்துக்குத்தான் போகும். ரேடியேட்டர கேபினட்டோட மேல் கூரைல மாட்டுனா காத்து ரேடியேட்டருக்குள்ளயே ஒரு மூலைல கெடக்கும், யாருக்கும் தொந்தரவில்ல. முன்பக்கம் மாட்டி ட்யூப் மேல இருந்தா காத்து நிக்கிற எடமும் ட்யூப் வாயும் ஒண்ணா வந்துருது, தண்ணி கம்மியாயிட்டா பம்ப் காத்த உறிஞ்சும். முன்பக்கம்தான் எடம்னா ட்யூப் கீழ வர்ற மாதிரி திருப்பி மாட்டணும், ரேடியேட்டர் உச்சி ப்ளாக்க விட உசரமா இருக்கணும். கேபினட் அடித்தட்டுல ரேடியேட்டர வைக்கவே கூடாது, அப்ப பம்ப்தான் உசரம், காத்து மொத்தமும் அங்க போய் உக்காந்துக்கும். புது கூலர் வாங்குற எல்லாரும் இத ஒருக்கா பாத்துக்கங்க.

சோதனை ஈஸி. மெஷின் ஓடும்போதே கேபினட்ட மெல்ல சாய்ச்சு ரேடியேட்டர் மேல, ப்ளாக் கீழ வர்ற மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம் வச்சிரு, அங்கிட்டும் இங்கிட்டும் லேசா ஆட்டு. ஹார்ட்டிஸ்க் இருந்தா மொதல்ல அதோட கேபிள கழட்டிரு, எஸ்எஸ்டின்னா பரவால்ல.

ரீல்பெட்டி_மதுரை:
அண்ணே!!! பொளக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அடுத்த நிமிஷமே ஐடில், அதான் சும்மா நிக்கும்போது, 44க்கு எறங்கிருச்சு!! சினிபெஞ்ச் ஓட்டுனா 150 வாட்ல 88 டிகிரி. ரேடியேட்டர் இப்ப சூடா இருக்கு. உங்களுக்கு ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, மீனாட்சி அம்மன் கோயில்ல உங்க பேர சொல்லி அர்ச்சனை பண்றேன்

வடலி_யாழ்:
சந்தோசம். ஆனா அர்ச்சனையைக் கொஞ்சம் பொறுத்துச் செய்யுங்கோ 🙂

ரீல்பெட்டி_மதுரை:
(ரெண்டு நாள் கழிச்சு) நண்பர் சொன்னது பலிச்சிருச்சு. காலைல ஆன் பண்ணா ஐடில் 66. திரும்ப சாய்ச்சேன் ஆட்டுனேன், இந்த தடவ சத்தமும் இல்ல சூடும் குறையல. நாளைக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை.

புதுப்பையன்_07:
ப்ரோ பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கடைல கெடைக்குமே, அத ஊசில ஏத்தி ஊத்துனா என்ன? யூட்யூப்ல ஒருத்தர் பண்ணாரு

பழைய_மதர்போர்டு:
பண்ணலாம், ரீஃபில் போர்ட் வச்சே வர்ற சில மாடலும் இருக்கு. ஆனா பெரும்பாலும் இது தொறக்கறதுக்குன்னு செஞ்ச சாமான் இல்ல. உள்ள இருக்குறது வெறும் தண்ணி கெடையாது, க்ளைகால், துருப்பிடிக்காம இருக்க மருந்து எல்லாம் கலந்தது. ப்ளாக் அடி செம்பு, ரேடியேட்டர் அலுமினியம், ரெண்டு உலோகம் ஒரே தண்ணில கெடந்தா ஒண்ண ஒண்ணு அரிக்கும், அத தடுக்கத்தான் அந்த மருந்து. வருஷம் ஆக ஆக மருந்து வீரியம் போய் கசடு சேரும். செம்புத் தகட்டுல தலைமுடி தடிப்புல பள்ளம் பள்ளமா வெட்டியிருப்பாங்க, கசடு போய் அதுலதான் அடைக்கும். சாய்ச்சப்ப ஒருக்கா வழி விட்டது இப்ப முழுசா அடைச்சிருக்குன்னு நெனைக்கிறேன். தண்ணி ஊத்தி ஒரு சீல் சரியா உக்காராம சொட்டுனா நேரா கீழ இருக்குறது கிராபிக்ஸ் கார்டு. கூலர் காசு மிச்சம் பண்ணப் போய் முப்பதாயிரத்துக்கு கொள்ளி வைக்கறதா?

தம்பி நீ இப்ப டெலிவரியப் பாரு. பயாஸ்ல போய் பவர் லிமிட் ரெண்டையும் (தொடர்ந்து ஓட ஒண்ணு, உச்சத்துக்கு ஒண்ணு) 65 வாட்டுன்னு போடு. மெதுவா ஓடும், ஆனா 100ல முட்டி முட்டி எறங்கி ஏறாம ஒரே சீரா ஓடும். உள்ள போனதும் அந்த எடத்துல இப்ப என்ன நம்பர் இருக்குன்னும் பாத்து சொல்லு.

ரீல்பெட்டி_மதுரை:
4096 வாட்டுன்னு இருந்துச்சுண்ணே. அது என்ன நாலாயிரம், எங்க வீட்டு மிக்சி க்ரைண்டர் ஏசி எல்லாம் சேத்தாலே அவ்ளோ வராது, ஏசியே இல்லங்கறது வேற விஷயம்

பழைய_மதர்போர்டு:
எதிர்பாத்தேன். பல போர்டுல கூலர் டைப் என்னன்னு கேட்டு வாட்டர் கூலர்னு அமுக்குனா லிமிட்டே இல்லாம தொறந்து விட்டுரும், 4096ன்னா அதான் அர்த்தம். கூலர் நல்லா இருந்த வரைக்கும் தெரியல.

ரீல்பெட்டி_மதுரை:
65ல போட்டு ஓடுது. 90, 92ல நிக்குது. ஒரு கல்யாணம் முடிஞ்சு ரெண்டாவது ஓடிட்டிருக்கு, ராத்திரி பூரா போட்டு விட்டுட்டேன், பக்கத்துல டேபிள் ஃபேன். அடுத்து என்ன வாங்கறது? கூலர் வாரன்டி முடிஞ்சிருச்சு.

கோவை_ஃப்ரேம்ஸ்:
360 எம்எம் ஏஐஓ போடுங்க, சும்மா ஜில்லுன்னு இருக்கும்ங்க

பழைய_மதர்போர்டு:
மறுபடியும் அஞ்சாறு வருஷத்துல இதே எடத்துக்கு வரணுமா? ஒளிச்சு என்ன, எனக்கு ஏஐஓ மேல பெரிய மரியாதை கெடையாது. கேம் ஆடுறவங்க, சின்ன கேபினட், கண்ணாடி வழியா அழகா தெரியணும்னா சரி. ராத்திரி பகலா ரெண்டர் போட்டு சோறு சாப்புடுறவனுக்கு தண்ணியே இல்லாம உலோகத் தகடும் ஃபேனும் மட்டும் இருக்குற டவர் ஏர் கூலர்தான். அதுல கெட்டுப் போக இருக்குறது ஃபேன் மட்டும், பாதி ராத்திரில போனாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ உங்க ஊர் கடைலயோ வேற 120 எம்எம் ஃபேன் வாங்கி மாட்டிக்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி கேபினட்ல எத்தனை எம்எம் உசரம் கூலர் போகும்னு பாரு, ரெட்டை டவர் பலது 160கிட்ட வரும். ராம் உசரமா பல்லு பல்லா இருந்தா முன் ஃபேன் இடிக்கும், அதையும் அளந்துக்க.

கோவை_ஃப்ரேம்ஸ்:
360ல 190 வாட் தொடர்ந்து ஓட்டலாமுங்க, ஏர் கூலர்ல மே மாசம் முடியுமா? எடிட்டிங் பண்றவருக்கு அந்த வேகம் வேணாமா? என்னோடது மூணு வருஷமா கூரைல மாட்டி சொகமா ஓடுது. எல்லா ஏஐஓவும் இப்பிடி ஆகும்னு சொல்றதும் சரியில்லீங்க.

பழைய_மதர்போர்டு:
எல்லாமும் ஆகும்னு சொல்லல, என்னைக்கு ஆகும்னு தெரியாதுங்கறேன். வேகத்த தம்பியே அளந்து சொல்லட்டும்.

ரீல்பெட்டி_மதுரை:
டெலிவரி குடுத்தாச்சு! ரெட்டை டவர் வாங்கி மாட்டிட்டேன், கேபினட்ல 165 எம்எம் எடம் இருந்துச்சு, ராம் மட்டும் கொஞ்சம் இடிச்சதால முன் ஃபேன ஒரு விரக்கடை மேல தூக்கி மாட்டியிருக்கேன். ரூம் 35ல இருக்கும்போது எடுத்த கணக்கு: 190 வாட்ல 95 டிகிரி, ரெண்டர் 40 நிமிஷம். 125 வாட்ல 76 டிகிரி, அதே ரெண்டர் 43 நிமிஷம். மூணு நிமிஷத்துக்கு 65 வாட் கூட எரியுது. 125லயே விட்டுட்டேன், சத்தமும் இல்ல, கரண்ட் பில்லும் மிச்சம்.

கோவை_ஃப்ரேம்ஸ்:
மூணே நிமிஷமா?? நான் என்னோடதுலயும் லிமிட் போட்டுப் பாக்குறேனுங்க. கூலர மாத்த மாட்டேன், அது வேற விஷயம்.

ரீல்பெட்டி_மதுரை:
அப்புறம் அந்த பழைய ப்ளாக்க மொட்டை மாடில வச்சு தொறந்து பாத்தேன், படம் கீழ. தண்ணி முக்காவாசிதான் இருந்துச்சு. செம்புத் தகட்டுல அந்த பள்ளம் ஒண்ணு கூட கண்ணுக்கே தெரியல, சாம்பல் பச்சைல சந்தனம் அப்புன மாதிரி வழுவழுன்னு மூடியிருக்கு. நகத்தால சொரண்டுனா கீழ செம்பு பளபளன்னு வருது.

சும்மா_வந்தேன்:
சாப்புடும்போது தொறந்துட்டேன் இந்தப் படத்த. நன்றி.

வடலி_யாழ்:
அந்த ரெண்டு ஃபேனையும் எறிஞ்சு போடாதேங்கோ, கேபினட் முன்னுக்குப் பூட்டலாம்.

ரீல்பெட்டி_மதுரை:
மாட்டியாச்சுண்ணே. அர்ச்சனையும் வெள்ளிக்கிழமை பண்ணியாச்சு, உங்க நட்சத்திரம் தெரியாததால ரெண்டு பேருக்கும் சுவாமி நட்சத்திரத்துக்கே பண்ணச் சொல்லிட்டேன்.